கேள்விக்குறியாக வந்த பட்டியல்

பிள்ளைகளா, நம் வீட்டு லேப்டாப் அழிந்த கதையை நீங்கள் இருவரும் தப்பாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டவன் நான்.

எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசில் பழைய லேப்டாப்களைச் சுத்தம் செய்வது என் வேலை. ஆன் செய்ததும் வரும் பட்டியலில் நாங்களே ஒரு வரி சேர்த்து வைப்போம். அதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே இருப்பதை எல்லாம் துடைத்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் லினக்ஸ் என்ற இயங்குதளம் புதிதாக ஏறிவிடும். பத்தாவதோடு நின்ற எனக்கு, அந்தப் பட்டியல் வரிகள் இருக்கும் ஃபைலை எழுதக் கற்றுக்கொண்டதில் கொஞ்சம் தலைக்கனம். வீட்டு லேப்டாப்பிலும் அதைச் சேர்த்தேன், என்றைக்காவது மெதுவானால் உதவும் என்று. நம் வீட்டுப் பெட்டிதானே என்று வரிகளுக்குத் தமிழிலேயே பேர் வைத்தேன்: வழக்கம்போலத் திறக்க 'பாடம்', அடுத்து, துடைத்துப் புதிதாக ஏற்ற 'புதிதாக்கு'. எழுதும்போது அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தப் பட்டியலுக்குத் தமிழ் எழுத்து காட்டத் தெரியாது. நான் ஒருமுறைகூட ரீஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை.

மறுநாள், சின்னவளே, நீதான் முதலில் ஆன் செய்தாய். நான் பஸ் இறங்கி வீட்டுக்கு வந்தபோது பெரியவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரம் தட்டிய காலேஜ் ப்ராஜெக்ட் போய்விட்டது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டியது.

அம்மா உன்னை விடவில்லை. "எதைடீ அமுக்கித் தொலைச்சே?"

"எல்லாமே கேள்விக்குறியா இருந்துச்சும்மா. ரெண்டாவதைத் தட்டினேன், அவ்ளோதான்."

"ஒன்பதாங்கிளாஸ் மேடத்துக்குத் தெரியாததா," என்றாள் பெரியவள்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "பாத்துத் தட்டியிருக்கணும்ல, கண்ணு."

கண்ணு என்று வேறு சொன்னேன். நீ தலையைக் குனிந்தபடி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாய், என்னிடமும். அதற்கப்புறம் நீ லேப்டாப்பைத் தொடவே இல்லை; அக்கா கூப்பிட்டாலும் தள்ளி நின்றுதான் பார்ப்பாய். பெரியவள் ஞாபகத்திலிருந்து மறுபடி தட்டி, லெக்சரரிடம் கெஞ்சி, நாலு நாள் தாமதமாகக் கொடுத்தாள். மார்க் குறைந்தது.

என்னைக் காட்டிக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை. துடைத்ததில் நான் எழுதிய ஃபைலும் சேர்ந்து போயிருந்தது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்லத்தான் அதிகம் கூசுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சர்ச்சுக்குப் போனபின் லேப்டாப்பைத் திறந்தேன். புதிதாக ஏறியதில் அதே பட்டியல் ஃபைல் மறுபடி வந்திருந்தது; நான் எழுதியது அதில் ஒன்றும் இல்லை. அதில் # போட்டுத் தொடங்கும் வரியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. திறந்து பார்க்கும் மனிதருக்குத்தான் அது. அப்படி ஒரு வரி தட்டினேன்: "# அழித்தது அப்பா. சின்னவள் இல்லை." சேவ் செய்து மூடினேன்.