ஸ்டூலின் முதுகும் மாமாவின் முதுகும்

கைக்குட்டையை எட்டாக மடித்துத்தான் அவர் மூக்கைச் சிந்துவார் என்று பேச்சு. சிந்திய பிறகும் எட்டாகத்தான் மடிப்பார் என்பது மனைவி தந்த கூடுதல் தகவல். சொந்தப் பெயர் தேய்ந்துபோய், பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவர் மடிப்பு மாமா ஆனது இப்படித்தான்.

பிழைப்பு தண்ணீருக்கு அடியில். கடலில் மீன் வளர்க்கும் வலைக்கூண்டுகளுக்குள் முதுகில் சிலிண்டரோடு இறங்கி, கிழிசல்களைத் தைப்பார். வலைக்கு ஒரு வார் நுனி ஆடினாலும் போதும், கவ்விக்கொள்ளும். பிறகு மீனுக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் பார்க்காது. அதனால் மாமாவின் மேல் எதுவும் தொங்காது. விசில், வெயிலில் பளிச்சிடும் கண்ணாடித் துண்டு, ஊதினால் ஆளுயரம் நிற்கும் ஆரஞ்சு நிறக் குழல் எல்லாம், 'இதோ இங்கே மிதக்கிறேன்' என்று படகுக்குச் சொல்வதற்கென்றே கொடுத்தவை. அவற்றைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, ஒரே பையில் அடைத்து, மிதவைச் சட்டையின் பின்புறம், சிலிண்டருக்கு அடியில் கட்டிவிடுவார். கட்டுவது சமையலறையில். ஸ்டூலுக்குச் சட்டையை மாட்டி, சுற்றிச் சுற்றி வந்து முடிச்சுப் போடுவார்.

"அதை நெஞ்சுப் பக்கம் மாட்டினா என்னவாம்?" என்றாள் மனைவி.

"வலையில சிக்கும்டி."

"முதுகு அரிச்சாலே என்னைக் கூப்பிடுறீங்க. நடுக்கடல்ல யாரைக் கூப்பிடுவீங்க?"

"பொருள் கூடவே இருக்குல்ல? அதுதான் முக்கியம்."

அன்று கடைசிக் கூண்டின் வெளிப்புறம் தைத்துக்கொண்டிருந்தவரை நீரோட்டம் இலையைப்போல் பெயர்த்துக்கொண்டு போனது. மேலே வந்து பார்த்தால் கூண்டு தீப்பெட்டியாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற படகில் அவர் மச்சினன், மாமா இறங்கிய இடத்தையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி ஒரு விசுவாசம்! தலையைத் திருப்பினால்தானே?

மாமா பதறவில்லை. இடுப்பிலிருந்த ஈயப் பட்டையைக் கழற்றிக் கடலுக்குக் கொடுத்தார். சட்டையில் காற்றை நிரப்பினார். விசிலுக்காகக் கையைப் பின்னால் கொண்டுபோனார். விரல் சிலிண்டரின் அடியைத் தொட்டது. பை அதற்கு அந்தப் பக்கம். வலக்கை எட்டவில்லை, இடக்கை அதைவிடக் குட்டை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது: இத்தனை வருடமும் அவர் கை எட்டியது ஸ்டூலின் முதுகுக்கு. இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு தடவையாவது அந்தப் பையைத் தொட்டுப் பார்த்ததில்லை.

சட்டையையே கழற்றலாம். ஆனால் மார்புப் பூட்டின் வார் ஆடக் கூடாதென்று மடித்து, அதன்மேல் டேப்பையும் நாலு சுற்றுச் சுற்றியிருந்தார். குளிரில் விரைத்த விரலுக்கு அந்த டேப் இரும்பாக இருந்தது.

"மாப்ளே! இங்க பாருடா!" என்று கத்தினார். குரலை அலை முழுங்கியது. அரை வாய்த் தண்ணீரை அவர் முழுங்கினார்.

படகு ஒருவழியாகக் கிளம்பியது, எதிர்த்திசையில். கூண்டுகளைச் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. அலை தூக்கும்போது படகு தெரியும். இறக்கும்போது வானம் மட்டும். கண்டுபிடிக்க வேண்டிய சாமான்கள் எல்லாம் முதுகில் பத்திரமாக, மடிப்புக் கலையாமல் இருந்தன. அவர்தான் காணாமல் போய்க்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கடல்புறா அவர் தலையில் வந்து உட்கார்ந்தது. கறுப்புத் தொப்பியைப் பாறை என்று நினைத்ததோ என்னவோ, நாட்டாமைபோல் உட்கார்ந்து இறக்கையைக் கோதியது. விரட்டினார். ஒரு கொத்துக் கொத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தது. மூன்றாம் முறை அவருக்குக் கை தூக்கத் தெம்பில்லை. "இருந்து தொலை" என்றார். கன்னத்தில் வழிந்தது கடல் தண்ணீர்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

ஆள் கூட்டிவரக் கரைக்குத் திரும்பிய படகு, அந்தப் பக்கமாகத்தான் வந்தது.

"மிதக்கிற கட்டை மேல பறவை உக்காந்திருக்குன்னு நெனச்சேன் மாமா. மோதிடக் கூடாதேன்னு விலகத்தான் பாத்தேன்," என்றான் மச்சினன், அவரை மேலே இழுத்தபடி. அவனுக்கும் பல் தந்தியடித்தது. "அப்புறம் கட்டை இருமுச்சு."

வீட்டில் மனைவி அழவில்லை, திட்டவில்லை. டேப்பைக் கத்தியால் கிழித்தாள். பையைப் பிரித்து, விசிலைத் தோள்பட்டையில் வாய்க்கு எட்டும்படி கட்டினாள். கண்ணாடியையும் குழலையும் வயிற்றருகே வளையத்தில் மாட்டினாள். எதுவும் ஆடாதபடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு ரப்பர் வளையம், இழுத்தால் உருவிக்கொள்ளும். சட்டையை ஸ்டூலுக்கு அல்ல, அவருக்கே போட்டுவிட்டாள்.

"கண்ணை மூடுங்க. இப்ப விசிலை எடுங்க பாக்கலாம்."

மாமா கண்ணை மூடினார். விசில் தாடைக்குக் கீழேயே இருந்தது. அவர் கையோ பின்னால் போய், எட்டாத இடத்தில் துழாவிக்கொண்டிருந்தது.