ஹோன் என்றால் தீட்டு

காய் நறுக்க உட்காரும் முன் சாலம்மாள் கத்தியைத் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் தேய்ப்பார். ஒரு பக்கம் மூன்று இழுப்பு, மறுபக்கம் மூன்று. பிறகு கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். புதுக் கத்தி வாங்கி வந்த அன்றும் தேய்ப்பார். ஒன்றாம் வகுப்பின் ஜன்னல் சமையல் கூடத்தைப் பார்த்து இருந்ததால் அங்கிருந்தே எனக்கு இது தெரியும். கல்லூரிக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போதும் மதில் தாண்டி அந்தச் சத்தம் கேட்கும்.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் அவர் சத்துணவு சமைத்தார். வேலைக்கு வந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. ஆனால் சமைக்கிறவரை எங்கள் பக்கம் பிள்ளைகள் ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அன்றைக்கே அவர் ஆயா ஆகிவிட்டார். பிள்ளை இல்லை. புருஷன் ராஜப்பன் போர்வெல் லாரியில் வடக்கே வேலைக்குப் போனவர். இரண்டு வருடம் போன் வந்தது. அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. பள்ளி விட்டதும் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் சமையல் கூடத்துப் படியில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். வீட்டில் போய் என்ன செய்ய என்று கேட்பார்.

எங்கள் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர் மணிமேகலை அக்கா அந்த வருடம் ஓய்வு பெற இருந்தார். அந்த இடத்துக்கு மனுப்போடப் பத்தாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும். சாலம்மாள் எட்டாவதோடு நின்றவர். நாற்பது வயதுக்கு மேல் தனித்தேர்வராகப் பணம் கட்டி, இரண்டு முறை எழுதி, தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் தாண்டிவிட்டார். மிச்சம் இங்கிலீஷ் மட்டும்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். டிகிரி முடித்து ஒரு வருடமாகப் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேனா, படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேனா என்பது வேறு கேள்வி. ஒருநாள் அவர் வழிமறித்து, "கண்ணு, சும்மாதான இருக்கற? எனக்கு இங்கிலீசு சொல்லிக் குடேன்" என்றார். அந்த ‘சும்மாதான’ உறைத்தது. ஆனாலும் போனேன். ஆறு மாதம், வாரத்தில் மூன்று நாள், மதியம் இரண்டரைக்கு.

நான் கிளம்பினால் விடமாட்டார். "இன்னும் ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ" என்பார். அது முடிந்ததும் இன்னொன்று. வார்த்தைக்காகத்தான் கேட்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

இங்கிலீஷ் தாளில் முதலில் வருவது ஒரே பொருள் தரும் சொற்கள். நான்கு விடை கொடுத்திருப்பார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருநாள் ‘வெட்’ என்ற சொல் வந்தது. கூராக்குவது என்றேன். "வெட்டறதுக்கு முன்னாடி பண்ற வேலைக்கும் வெட்டுன்னே பேரு வெச்சிட்டானா?" என்று சிரித்தார். மறுநாள் ‘ஹோன்’. எனக்கே தெரியாத சொல். போனில் தட்டினேன். மேலே வந்த முதல் வார்த்தையைப் படித்தேன்.

"ஹோன்னா தீட்டு, ஆயா."

அவர் பேனாவை நோட்டிலிருந்து எடுத்துவிட்டார். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அய்ய! அதெல்லாமா கண்ணு பரீச்சையில கேக்கறாங்க?"

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. மாதத்தில் மூன்று நாள் பெண்களை ஒதுக்கி வைக்கும் தீட்டை நினைத்துவிட்டார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"அந்தத் தீட்டு இல்ல ஆயா. மில்லுல அரிசி தீட்டுவாங்கல்ல, அது."

"அப்படிச் சொல்லு. நான் பயந்தே போயிட்டன்" என்று வாயைப் பொத்திச் சிரித்தார். நோட்டில் ‘ஹோன் – அரிசி தீட்டறது’ என்று எழுதிக்கொண்டார்.

எழுதியதைப் பார்த்ததும், பதற்றத்தில் அரிசியைச் சொல்லிவிட்டேன், இது கத்தி தீட்டுவதாகத்தான் இருக்கும் என்று எனக்கு உறைத்தது. திருத்தவில்லை. அந்த வார்த்தையை மறுபடி சொல்லக் கூச்சமாக இருந்தது. நேற்றுப் படித்த ‘வெட்’டும் இதுவும் ஒரே வேலைதான் என்றுகூடச் சொல்லவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே கத்தி கிடந்தது. எடுத்துக் காட்டி, தினமும் காலையில் நீங்கள் செய்வதுதான் ஹோன் என்றிருந்தால் முடிந்திருக்கும். அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

பரீட்சை அன்று தர்மபுரியிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கியதும் கேள்வித்தாளை நீட்டினார். விடைகளுக்குப் பக்கத்தில் புள்ளி வைத்திருந்தார். விறகுவெட்டி தன் ‘ஆக்ஸை’ ஹோன் செய்தான் என்று ஒரு வாக்கியம். ‘ஷார்ப்பன்’ என்ற விடையை விட்டு ‘பாலிஷ்’ பக்கத்தில் புள்ளி இருந்தது.

"ஏன் ஆயா பாலிஷ்னு போட்டீங்க?"

"தீட்டுன அரிசிய பாலிஷ் அரிசின்னுதான சொல்றோம்?"

"சரி, ஆக்ஸ்?"

"மாடுதான? மாட்ட எதுக்குடா தீட்டறான்னு ரொம்ப நேரம் யோசிச்சன். அப்புறம், குளிப்பாட்டிப் பளபளன்னு ஆக்கியிருப்பான்னு புள்ளி வெச்சிட்டன்."

"ஷார்ப்பன்னு பக்கத்துலயே இருக்குதே?"

"அது டைமு கண்ணு. நம்ம எட்மாஸ்டரு தெனமும் சொல்றாரே, பன்னண்டர ஷார்ப்பா சோறு எறங்கணும்னு."

நான் சிரித்துவிட்டேன். மாட்டுக்கு எழுத்து வேறு, இந்த ஆக்ஸ் கோடரி என்றும், ஷார்ப்பன் என்பதுதான் விடை என்றும் சொன்னேன். அவரும் சிரித்துத் தலையில் அடித்துக்கொண்டார். "பரவால்ல ஆயா, ஒரு மார்க்தான்" என்றேன்.

பாஸாக முப்பத்தைந்து வேண்டும். முப்பத்துநான்கு வந்தது.

என் போனில்தான் முடிவைப் பார்த்தோம். அவர் அழவில்லை. திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த மாடுதான்" என்றார். "நீ சரியாத்தான் சொல்லிக் குடுத்த. எம் மண்டையில ஏறல." அப்போதாவது சொல்லியிருக்கலாம். அன்று மாலை வீட்டில் போனை எடுத்து அந்தச் சொல்லைக் கடைசிவரை படித்தேன். கத்தி முதலியவற்றைக் கல்லில் தேய்த்துக் கூராக்குதல் என்று இரண்டாவது வரியிலேயே இருந்தது. அன்று விரலை ஒருமுறை மேலே தள்ளி அவருக்குப் படித்துக் காட்டியிருந்தால் போதும். எங்கள் குடும்பத்தில் யாரும் ஏறாத படியில் ஏறி நான் கற்றது, முதல் வரியைப் படித்துவிட்டுத் தெரிந்தவன் போல் பேசுவதுதானா?

மறுதேர்வுக்குத் தேதி வருவதற்குள்ளேயே அமைப்பாளர் இடத்துக்கு வேறொரு பெண் வந்துவிட்டார். மரியாதையான பெண். பள்ளிப் பிள்ளைகள்தான் சும்மா இருக்கவில்லை. "ரெண்டாங்கிளாசு படிக்கறது சோத்துக்குத் தட்ட நீட்டிக்கிட்டே கேக்குது, ஆயா நீ பெயிலான்னு" என்றார் சாலம்மாள். சிரிக்கத்தான் பார்த்தார். மறுதேர்வுக்கு மனுப்போடவில்லை. பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம், காட்டோரத்தில் ஒரு பள்ளிக்கு மாறுதல் கேட்டு வாங்கினார். அங்கே அவருக்கு யாரையும் தெரியாது. அதுதான் வேண்டும் என்றார்.

பஸ் ஏற்றிவிட நான் மட்டும் போயிருந்தேன். ஒரு கட்டைப் பையும் ஒரு அண்டாவும்தான் சாமான்.

"ஆறு மாசம் எனக்குன்னு வந்து ஒக்காந்த கண்ணு. என் வூட்டுச் சொந்தக்காரங்ககூட அப்படி வந்து ஒக்காந்ததில்ல. பாஸ் பண்ணிக் காட்டி அந்தக் கடனத் தீத்துடலாம்னு இருந்தன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல ஆயா."

"உனக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இருக்குது."

பஸ் வந்துவிட்டது. அண்டாவைத் தூக்கிக் கொடுத்தேன்.

போன வாரம் போன் செய்தேன். தனித்தேர்வுக்கு விண்ணப்பம் திறந்திருக்கிறது, போடட்டுமா என்று கேட்டேன். "இங்க சொல்லிக் குடுக்க ஆரு இருக்கறாங்க?" என்றார். அப்புறம், "ஆனா எழுதுவன் கண்ணு. உனக்குத் தர வேண்டியது அது ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

"ஆயா, அந்த ஹோன் இருக்குதுல்ல..." என்று ஆரம்பித்தேன்.

"அத இன்னுமா நெனச்சிட்டிருக்கற? எம்புத்தி அன்னிக்கு அப்படிப் போச்சி. நீ என்ன பண்ணுவ?" என்றார்.

ஆமாம் ஆயா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவர் இன்னும் தன்னை எனக்குக் கடன்பட்டவராக நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன்.