தென்மேற்கிலிருந்து பார்த்தால்

கல்முனையில் வீட்டுப் பிளான் கீறும் ஒரு சின்ன ஒபிசில்தான் எனக்கு வேலை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான்; பெற்றவர்கள் கட்டிச் சீதனமாகக் கொடுக்க வேண்டும். கல்யாணம் பேசும்போதே வீட்டைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். ஊரார் மகள்மாருக்கு எத்தனையோ வீடுகளைக் கீறிக் கொடுத்தவள் நான். என் வீட்டைக் கீற உட்கார்ந்தபோது மட்டும் கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை.

வெறும் பிளான் மாப்பிள்ளை வீட்டாருக்கு விளங்காது என்று கணினியில் ஐசோமெட்ரிக் பார்வையாக எடுத்தேன். மேலே நின்று மூலைப் பக்கமாக வீட்டைப் பார்ப்பது போல இருக்கும். தூரத்தில் இருப்பது சிறுத்துப்போகாது. முன் ஹோலுக்கு என்ன கணக்கோ, பின் அறைக்கும் அதே கணக்குத்தான். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு அதுவே வினையாகிவிட்டது.

"எங்கட அறையக் கீறாத மகள்," என்றார் உம்மா, திரையைப் பார்த்ததும். "ஊட்டக் குடுத்துட்டு நாங்களும் உள்ளுக்கதான் கிடக்கிறம் எண்டு நினைப்பாங்க."

"அப்ப நீங்களும் வாப்பாவும் எங்க படுக்கிற?"

"குசினியோட ஒரு பத்தி இறக்கினாப் போதும்."

சமையலறைச் சுவரோடு சாய்த்து இறக்கும் தகரக் கொட்டிலிலா படுப்பது? எனக்குக் கோபம் தலைக்கேறியது. கட்டுவதும் அவர்கள், ஒதுங்குவதும் அவர்களா? அறையை அழித்தேன். திரும்பக் கொண்டுவந்தேன். மறுபடியும் அழித்தேன். எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீண்டும் கொண்டுவந்தேன்.

கடைசியில் பார்வையைத் தென்மேற்குக்குத் திருப்பினேன். ரோட்டுப் பக்கத்து ஹோலின் உயர்ந்த கூரை, கடல் பக்கத்தில் பதிந்து நின்ற அந்த அறையை முழுதாக மறைத்துக்கொண்டது. அறையும் இருந்தது, உம்மாவும் சமாதானமானார். அந்தக் கோணத்திலேயே படத்தை அச்செடுத்தேன்.

வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"ஊடு வடிவா இருக்கு. உம்மாவும் வாப்பாவும் எங்க இருக்கிற?" என்று என்னைக் கேட்டார்.

உம்மா முந்திக்கொண்டு, "நாங்க எங்கயாச்சும்..." என்று இழுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, பார்வையை வடகிழக்குக்குத் திருப்பிவிட்டேன். அறை முன்னால் வந்து நின்றது. உம்மாவின் முகம் செத்துப்போனது. போச்சு, கல்யாணம் குழம்பிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த மாமி திரைக்குக் கிட்ட வந்தார். நான்கு சுவர், ஒரு கதவு. யார் பார்க்கப் போகிறார்கள் என்று மற்றதையெல்லாம் விட்டிருந்தேன்.

"மூத்த மகளுக்கு ஊட்டக் குடுத்துட்டு நானும் பத்திக்குள்ளதான் படுக்கிறன்," என்றார். அவருடைய விரல் கடல் பக்கத்துச் சுவரில் போய் நின்றது. "புழுக்கத்துல நித்திரையே வராது. இதுல ஒரு ஜன்னல் வெச்சிக் கீறு, மகள்."