பனிக்கரடிக்குப் பெரம்பலூரில் ஒத்திகை

போட்டோ ஸ்டூடியோ தொழிலில் இரண்டே வகை வாடிக்கையாளர்கள்தான் உண்டு: பிளாஷ் அடிக்கும்போது கண்ணை மூடுகிறவர்கள், மூடிவிட்டு "நான் எங்கே மூடினேன்?" என்று சண்டைக்கு வருகிறவர்கள். கடை என்று ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க மனிதர்களோடு மல்லுக்கட்டும் அத்தனை பேருக்கும் என் வேதனை புரியும். அதைத் தணித்துக்கொள்ளத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கரைவெட்டி ஏரிக்குப் போய்ப் பறவைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கொக்கும் என்னிடம் 'இன்னும் கொஞ்சம் கலராக் காட்டுங்க' என்று கேட்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெரம்பலூர் கடைவீதியில் என் ஸ்டூடியோ. ஏரியில் எடுத்த நாரைப் படம் ஒன்றை, லண்டனில் வரும் ஒரு விலங்குப் படப் பத்திரிகையின் போட்டிக்கு அனுப்பி வைத்தேன். பரிசு, ஒரு கப்பல் பயணம். வடதுருவத்தை ஒட்டிய ஆர்க்டிக் கடலில் பனிக்கரடியையும் கடல்நாயையும் படமெடுக்கப் போகிறவர்களோடு ஓசியில் ஒரு ஸீட்டு. வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினோம்: நானும், பம்பாய்க்காரர் ஒருவரும்.

எங்கள் இருவருக்கும் கடைசிச் சோதனை ஒன்று வைத்தார்கள். வெள்ளைப் பின்னணியில் ஒரு வெள்ளை உயிரினம். அதை ஒரு முழு ஸ்லைடு ரோலில் எடுத்து, கழுவாமல், வெட்டாமல், அப்படியே அனுப்ப வேண்டும். ஸ்லைடு பிலிமுக்கு நெகடிவ் கிடையாது. பென்சிலை வைத்து டச்சப் செய்து ஒப்பேற்ற முடியாது. எடுத்தது எடுத்ததுதான். டச்சப்பிலேயே வயிறு வளர்த்தவன் கதி என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள். ஆனாலும் அந்த ஸீட்டு எனக்கு வேண்டும். என் கல்யாணத்துக்குக்கூட நான் அப்படித் துடித்ததில்லை.

அடுத்த ஜில்லா

ஜெயித்தால் உடனே கிளம்ப வேண்டும் என்று பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டேன். விசாரிக்க ஒரு கான்ஸ்டபிள் ஸ்டூடியோவுக்கு வந்தார். நல்ல மனிதர். சேரில் உட்கார்ந்து, டீ குடித்து, எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். "ஆர்க்டிக்குங்க" என்றேன். காதைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து மறுபடி கேட்டார். புரியவைக்கிறேன் பேர்வழி என்று, "வடக்கே இருக்குங்க. வட ஆர்க்டிக்குன்னு வெச்சுக்குங்களேன்" என்று சொல்லித் தொலைத்தேன். என் வாய் என்னைக் கவிழ்த்தது அது முதல் தடவை இல்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் உலகப் படத்தை இரவல் வாங்கிக்கொண்டு போய்க் காட்டிய பிறகு, அவரே வாய்விட்டுச் சிரித்துவிட்டு நல்லபடியாக எழுதிக் கொடுத்தார். ஆனால் முதல் நாள் அவர் சொன்ன வார்த்தை அதற்குள் கடைவீதி முழுக்கப் பரவி, பார்க்கிறவர்களெல்லாம் ஆற்காட்டில் யாருக்குக் கல்யாணம் என்று என்னை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் சொன்னது இதுதான்: "வட ஆற்காட்டுக்குப் போறதுக்கு எதுக்குங்க பாஸ்போர்ட்டு? விழுப்புரத்துல எறங்கி மாறுனீங்கன்னா, வேலூருக்கு நேர் பஸ்ஸே இருக்கு!"

வெள்ளைக்கு எமன்

வெள்ளையை வெள்ளையாக எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு வெள்ளையைக் கண்டாலே பயம். 'ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி, குறை' என்று கத்தும். அதன் பேச்சைக் கேட்டால் படம் சாம்பலாக வரும். இதைப் பழகிப் பார்க்க எங்கே போவது? பெரம்பலூரில் பனியா பெய்கிறது? ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை, கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வெள்ளைக் கவுன், வெள்ளை முக்காடு, பின்னால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர். எனக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது.

மீட்டரை நம்பினேன். அத்தனை பிள்ளைகளும் அடுப்படியிலிருந்து எழுந்து வந்த மாதிரி விழுந்திருந்தார்கள். அங்கே பொறுப்பில் இருந்த மதர் படங்களைப் பார்த்துவிட்டு உறைக்குள்ளேயே திருப்பிப் போட்டுவிட்டார். அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை மறுபடி உடுத்தி வரச் சொல்லி, அதே சுவருக்கு முன்னால் நிறுத்தினேன். மீட்டர் கத்தக் கத்த, அதன் தலையில் ஒரு குட்டு வைத்து, லென்சை இரண்டு ஸ்டாப் கூடுதலாகத் திறந்து, வெளிச்சத்தை உள்ளே விட்டு எடுத்தேன். முக்காட்டின் பூவேலை ஒவ்வொரு இழையாக வந்து விழுந்தது. எனக்கே நம்பிக்கை வந்த நாள் அது. மதர் படத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போன வாரம் சாம்பல் புதனா இருந்துச்சு தம்பி. இந்த வாரம் ஈஸ்டரே வந்துடுச்சு!"

மைனஸ் அரியலூர்

கப்பலில் கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துவிடுமாம். அதனால் கையுறையோடு பிலிம் மாட்டிப் பழகச் சொல்லி லண்டனிலிருந்து எழுதியிருந்தார்கள். என் மனைவி வசந்தா கம்பளி நூலில் ஒரு ஜோடி பின்னிக் கொடுத்தாள். சித்திரை வெயிலில் அதை மாட்டிக்கொண்டு ஸ்டூடியோவில் உட்கார்ந்ததில் உள்ளங்கையில் வேர்க்குருதான் வந்தது, குளிர் வரவில்லை. கடைசியில் அரியலூர் ஐஸ் பேக்டரி மேஸ்திரியின் கையைக் காலைப் பிடித்து, ஐஸ் பார்களை அடுக்கி வைக்கும் அறைக்குள் ஒரு மூலை வாங்கினேன்.

முதல் வாரம் பிலிம் நுனி இருக்கிற இடத்தையே என் விரல் கண்டுபிடிக்கவில்லை. குளிரில் பிலிம் முருங்கைக்காய் மாதிரி பட்டென்று ஒடியும் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். மெதுவாகச் சுற்ற வேண்டும். விடவில்லை. குரங்குக் குல்லாயும் கையுறையுமாக ஒரு நாள், ஒரு தடவைகூடத் தடுமாறாமல் பிலிமை மாட்டி, மூடியைச் சாத்தி, குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட, ஜெயித்த பயில்வான் மாதிரி கேமராவைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி சொன்னார்: "ஊர்ல உள்ளவங்களையெல்லாம் அசையாதீங்க, அசையாதீங்கம்பீங்க. இப்ப நீங்க ஆடுற ஆட்டத்துக்கு உடுக்கை ஒண்ணுதாங்க கொறச்சல்!"

தா.பழூர்க் கப்பல்

கப்பல் ஆடும், ஆடும்போது எடுக்கவும் தெரிய வேண்டும். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்ததும் தா.பழூர்ப் பக்கம் போய் ஒரு பரிசல்காரரைப் பிடித்தேன். கரையோரம் கொக்குகள் நிற்கும்; நான் பரிசலுக்குள் நின்றபடி எடுக்க வேண்டும்; அவர் பரிசலை நன்றாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஆட்டினார். காலையில் சாப்பிட்ட இட்லி மொத்தமும் கொள்ளிட மீன்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது முறை போனபோது முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, பரிசலோடு சேர்ந்து நானும் ஆடப் பழகியிருந்தேன். கொக்கின் கண் நச்சென்று லென்சுக்குள் நின்றது. கரைக்கு வந்ததும் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்களைப் பற்றி ஊரெல்லாம் சொல்கிறேன் என்றேன். அவர் பதறிப்போய்ச் சொன்னார்: "சாமி, அந்த வேலையே வேண்டாங்க. ஆடாம ஓட்டுறவன்னு பேரெடுத்தவன் நானு. வெளியில தெரிஞ்சா எவன் ஏறுவான்?"

பிள்ளையார் சுழி

என் ஸ்டூடியோவுக்கு இரண்டு கடை தள்ளி ஜமால் பாயின் பேன்ஸி ஸ்டோர். லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் பல வருஷம் இருந்து திரும்பியவர். எங்கள் வரிசையில் டெலிபோன் இருந்தது அவர் கடையில் மட்டும்தான். அதனால் லண்டனுக்கு அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். ஸ்லைடு பிலிம் திருச்சியில் கிடைக்காது. துபாயிலிருந்து லீவில் வந்த மச்சானிடம் சொல்லி ஒரே ஒரு ரோல் வரவழைத்துக் கொடுத்தார் பாய். இன்னொன்று வேண்டுமென்றால் அந்த மச்சான் மறுபடி லீவில் வர வேண்டும்.

வெள்ளைப் பின்னணிக்கு அரியலூர் சுண்ணாம்புக்கல் குவாரியைப் பார்த்து வைத்திருந்தேன். உச்சிவெயிலில் கண் கூசும் வெள்ளை. பள்ளத்தில் தேங்கிய தண்ணீருக்குக் கொக்குகள் வரும். குவாரியில் அனுமதியும் வாங்கியாகிவிட்டது. குவாரிக்குக் கிளம்பிய அன்று காலை ஸ்டூடியோவில் ரோலை மாட்டினேன். பஸ் பாதி வழி போன பிறகுதான், நான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. எங்கள் தொழிலில் புது ரோல் மாட்டினால் முதல் பிரேம் சாமிக்கு. கல்யாணமோ காதுகுத்தோ, முதலில் சுவரில் மாட்டியிருக்கும் பிள்ளையாரை ஒரு கிளிக். கை தன்பாட்டில் செய்துவிடும். வெட்டாமல் அனுப்ப வேண்டிய ரோலில், வெள்ளைமேல் வெள்ளையைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாத ரோலில், மஞ்சள் பட்டு கட்டி, கையில் கொழுக்கட்டையோடு பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார்! பம்பாயிலும் பிள்ளையாருக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பம்பாய்க்காரர் அவரை ரோலுக்குள் ஏற்றியிருக்க மாட்டார். பஸ்ஸிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

சரி, ஆனது ஆகட்டும் என்று வெள்ளை வேட்டியால் தலையோடு போர்த்திக்கொண்டு குவாரிப் புழுதியில் குப்புறப் படுத்தேன். வெகுநேரம் கழித்து ஒரு கொக்கு நான் இருப்பதையே மறந்து பக்கத்தில் வந்து சிறகைக் கோதியது. மீட்டர் கத்தியது, நான் கேட்கவில்லை. மிச்சமிருந்த அத்தனை பிரேமையும் அந்தக் கொக்குக்கும் அதன் சொந்தபந்தத்துக்கும் கொடுத்துவிட்டு, உச்சி முதல் உள்ளங்கால் வரை சுண்ணாம்பாக வீட்டுக்கு வந்தேன். வசந்தா வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சொன்னது செவுத்துக்குங்க!"

டிரங்க் கால்

ரோலை லண்டனுக்குத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில் நான் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படங்களையெல்லாம் மன்னித்துவிடுங்கள். பாதிப் பேருக்குக் காது வரவில்லை. ஒரு மத்தியானம் டார்க் ரூமில் இருந்தபோது, லண்டன் லைனில் இருக்கிறது என்று ஜமால் பாய் போட்ட சத்தம் கேட்டது. மருந்து சொட்டும் கையோடு ஓடினேன். ரிசீவரை வாங்கி "ஹலோ" என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து ஓடிப்போய்விட்டது. ரிசீவரைப் பாயிடமே கொடுத்தேன்.

பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "மொதப் படத்துல ஒரு யானை இருக்காமே தம்பி, அது எதுக்குன்னு கேக்குறான்" என்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். நான் பதில் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை அவர். ஐந்து வேளை தொழுகிற அந்த மனிதர், துபாயில் பழகிய இங்கிலீஷில், அது யானை இல்லை, இவர் கும்பிடுகிற சாமி, அவரை எடுக்காமல் எங்கள் ஊரில் எந்த ஸ்டூடியோக்காரனும் பொத்தானை அமுக்க மாட்டான், அவருக்கு முதல் மரியாதை கொடுத்ததால்தான் மற்ற படமெல்லாம் நன்றாக வந்திருக்கிறது, வேண்டுமானால் இன்னொரு தடவை பார் என்று லண்டன்காரனுக்கு அடித்துப் பேசினார். எனக்காக என் அண்ணன்கூட அப்படி வாதாடியதில்லை.

அப்புறம் பாய் "யெஸ், யெஸ்" என்றார். சிரித்தார். ஏதோ கேட்டார். மறுபடியும் சிரித்தார். வைத்துவிட்டு ஒரே எட்டில் வந்து, மருந்து வாடையோடு இருந்த என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். வெள்ளைக்குள் வெள்ளை இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறதாம். இரண்டு ரோலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களாம். பம்பாய்க்காரரின் பறவை சாம்பலாக வந்திருக்கிறதாம். நான் கடையில் அத்தனை பேர் பார்க்க ஓவென்று அழுதேன். வெட்கமாகவே இல்லை, அப்படி ஒரு ஆனந்தம். பாய் கடைவீதிக்கே கேட்கும்படி சத்தம் போட்டுச் சொன்னார்: "மாஷா அல்லாஹ், ஸீட்டு ஒனக்குத்தான் தம்பி! ஒங்க புள்ளையாருக்கும் சேத்து ஒரு ஸீட்டு கேட்டேன். படமா வந்தா அவருக்கு டிக்கெட்டே வேண்டாங்கறான்!"

ஆக, பெரம்பலூரிலிருந்து வடதுருவம் ரொம்பப் பக்கம்தான். நடுவில் வெயில், வாந்தி, சுண்ணாம்பு என்று நாலைந்து ஸ்டாப்பிங் மட்டும் உண்டு.