அப்பா மணலில் படுத்த மாலைகள்

எழுபதுகளில் என் அப்பா செங்கல்பட்டுக்கும் மகாபலிபுரத்துக்கும் இடையே பஸ் ஓட்டினார். வீட்டிலும் அவர் டிரைவர்தான். சோறு தாமதமானால் ஆரன் அடிப்பதுபோலக் கத்துவார்.

பிரஷர் அதிகம் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவந்தது. ஒருநாள் திருக்கழுக்குன்றம் தாண்டிய வளைவில் அப்பாவுக்குக் கண் சொக்க, பஸ் சாலையை விட்டிறங்கி ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அன்று வீடு திரும்பிய அப்பா கத்தவே இல்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

டாக்டர் மாத்திரையை நிறுத்திவைத்து, உடம்பைத் தளர்த்தும் பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். "வாரா வாரம் வந்து காட்டணும். பிரஷர் எறங்கலன்னா பஸ்ஸை மறந்துடு" என்றார். படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் யாராவது மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அந்த வேலை அம்மாவுக்கு வாய்த்தது.

மாலையில் மூவரும் சவுக்குத்தோப்பைத் தாண்டிக் கடற்கரைக்குப் போவோம். அப்பா மணலில் மல்லாந்து படுப்பார். அம்மா கடலைப் பார்த்தபடி சொல்லுவாள்.

"கால இறுக்குங்க. வுட்டுடுங்க. கைய இறுக்குங்க. வுட்டுடுங்க. மூச்ச மெள்ள வுடுங்க."

"இன்னாடி, செத்தவனாட்டம் படுக்க வெச்சிகினு" என்று முதல் நாள் அப்பா முறைத்தார்.

"பேசக் கூடாதுன்னாரு டாக்டரு" என்றாள் அம்மா.

அப்பா வாயை மூடிக்கொண்டார். எனக்கு அது உலக அதிசயமாக இருந்தது.

கை மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்ததுபோல இறுகியே இருக்கும். அம்மா விரல் விரலாகப் பிரித்து மணல்மேல் வைப்பாள். அலைச் சத்தமும் அவள் குரலும் ஒன்றாகிவிடும். நானும் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். வானம் தாழ இறங்க, மணலோடு மூவரும் மெல்ல எங்கோ மிதந்து போவதுபோல இருக்கும்.

மழைக்காலத்துக்குள் பிரஷர் இறங்கிவிட்டது. அதுவரை டிப்போவில் உட்கார்ந்திருந்த அப்பா மறுபடி பஸ் எடுத்தார். "இனிமே யாரும் சொல்ல வேணாம், நீயே செஞ்சுக்கலாம்" என்றார் டாக்டர்.

அன்றும் கடற்கரைக்குப் போனோம். படுத்துக்கொண்ட அப்பா, "மொதல்ல காலா, கையா? மறந்துபூட்சே" என்றார்.

"எனக்குத் தெரியும்பா, நான் சொல்றேன்" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

"நீ கம்முனு இரு" என்ற அம்மா, அவருக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அடுத்த நாளும் அப்பாவுக்கு மறந்துபோயிற்று. அதற்கடுத்த நாளும். அவருக்கு மறதி நோய் வந்துவிட்டதென்று நான் உள்ளுக்குள் நடுங்கினேன். அம்மா ஏன் கொஞ்சமும் பயப்படவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.