பினாங்கில் ஓர் ஊசியும் ஓர் ஆய்வுக் கட்டுரையும்

என் கணவர் முரளிக்குப் பார்க்கின்சன் நோய். பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் புதிதாக ஓர் ஊசி போடுகிறார்கள், கை நடுக்கம் குறைகிறது என்று கேள்விப்பட்டு, போன மார்ச்சில் ஈப்போவிலிருந்து கிளம்பினோம். சிகிச்சைக்காக அங்கே போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பட்டர்வொர்த்துக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் ஃபெரிக்கு நடந்தே போய்விடலாம். ஆளுக்கு இரண்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். அவர் கடலைப் பார்த்தபடி உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தார். நான் பையிலிருந்த தாள்களை மறுபடி எடுத்தேன். கிளினிக் அனுப்பியிருந்த ஆய்வுக் கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்திருந்தேன். வங்கியில் வேலை பார்க்கும் எனக்கு அது நல்ல ஆய்வா, மோசமான ஆய்வா என்று எப்படித் தெரியும்?

அதனால் முதலில் ஜெலுத்தோங் போனோம். கிராப் வாடகைக் காரில் கால் மணி நேரம். என் பள்ளித்தோழி காயத்ரி அங்கே குடியிருக்கிறாள். ஆய்வுக்கூடத்தில் வேலை. கட்டுரையை அவளுக்கு முன்பே அனுப்பியிருந்தேன்.

“எல்லா ஊசியும் போட்டு முழு கோர்ஸ் முடிச்சவங்கள மட்டும்தான் கணக்கு காட்டுறாங்கடி. பாதியில நின்னவங்க ஏன் நின்னாங்கன்னு ஒரு வரிகூட இல்ல. ஒடம்பு மோசமாகிகூட நின்னிருக்கலாம்” என்றாள்.

“ஜர்னல்ல வந்திருக்கே. அவங்க செக் பண்ண மாட்டாங்களா?”

“பண்ணுவாங்க. நானும் அந்த வேலை செய்றேன்லா. ரெண்டு மூணு பேரு நேரம் கெடைக்கும்போது படிப்போம், அவ்ளோதான். நோயாளிங்க ரெக்கார்ட எல்லாம் பாக்கறதில்ல. நான் சரின்னு விட்ட பேப்பர் ஒண்ணு பின்னாடி தப்புன்னு ஆயிருக்கு.”

எனக்குப் பயம் கூடிவிட்டது. இவளுக்கே நிச்சயமாகத் தெரியாதென்றால் வேறு யாரைக் கேட்பது?

“அப்ப நல்லா ஆவறதுக்கு சான்ஸ் இருக்குதானே?” என்று கேட்டார் முரளி.

“இருக்கலாம், அண்ணே. இந்த பேப்பர வச்சு சொல்ல முடியாது.”

மதியம் கிளினிக்கில், பாதியில் நின்றவர்களைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன்.

“அவங்க திரும்பி வரல, மேடம். அதனால சேக்கல.”

“ஏன் வரலன்னு கேட்டீங்களா?”

டாக்டர் கணினித் திரையைப் பார்த்தார். “எல்லாரையும் கேக்க முடியல.”

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட முரளி பேனாவை எடுத்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவேளை அது நல்ல மருந்தாக இருந்துவிட்டால்?

“நானும் பாதியில நின்னுட்டா, என்னையும் கணக்குல சேக்க மாட்டீங்கல்ல?” என்று டாக்டரிடம் மெதுவாகக் கேட்டார். பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கட்டுரையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பாதியில் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேளுங்கள். அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். மாலை ஃபெரியில் கூட்டம் அதிகம், கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.

இப்போது அவருக்கு இடது கையிலும் நடுக்கம் தொடங்கிவிட்டது. காலையில் அவர் சட்டைப் பொத்தானோடு போராடும்போது, அந்த ஊசியைப் போட்டிருக்கலாமோ என்று நினைக்கிறேன். அவருக்கும் அப்படித் தோன்றுகிறதா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.