கௌசி எடுத்த கல்யாணச் சத்தம்

வலது காது கேளாமலே ஒலிப்பதிவு பழகியவள் என் தங்கை கௌசி. ஜெர்மனியில் பாதியில் நின்ற படிப்பை லண்டனுக்கு வந்து, பகலில் சுப்பர்மார்க்கெற் வேலையும் மாலையில் வகுப்புமாக முடித்தாள். பெண்பிள்ளைக்கு வயர் சுற்றும் வேலை எதற்கு என்று சிரித்த வீடியோக்காரர்களே பின்னர் கல்யாணத் திகதிகளோடு அவளைத் தேடி வந்தார்கள். இதையெல்லாம் அவள் சொல்லமாட்டாள். பத்தாம் வகுப்போடு நின்று, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் வான் ஓட்டும் அவளுடைய அண்ணன் நான் சொல்கிறேன்.

சின்ன வயதில் யுத்தத்தால் இடம்பெயர்ந்திருந்தபோது வந்த காய்ச்சலில் அந்தக் காது போனது. மற்றக் காதால் அவள் இரண்டு காதுக்குரியதைக் கேட்டாள் என்றே எனக்குத் தோன்றும்.

அவளிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிரீஆம்ப் இருந்தது. மைக்கில் பிடிபடும் மெல்லிய சத்தத்தை இரைச்சல் சேராமல் உயர்த்திக் கொடுக்கும் பெட்டி. அதிலிருந்து ஒரு வயர் லப்டொப்புக்கும் இன்னொன்று சின்ன ரெக்கோடருக்கும் போகும். தொடக்கத்தில் ஓர் அரங்கேற்றத்தில் அந்த இரண்டாவது வயரை ரெக்கோடரின் மைக் துளையில் செருகிவிட்டாள். ஏற்கெனவே உயர்ந்த சத்தத்தை ரெக்கோடர் மறுபடி உயர்த்த, மிருதங்கம் தகரத்தில் தட்டியதுபோல் வந்தது. அன்றே, சரியான துளைக்குப் பக்கத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள்.

2007 ஆவணியில் லோஜினி என்ற பிள்ளையின் கல்யாணம் பார்க்கிங்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தகப்பன் பரமேஸ்வரன் இலங்கையில், வவுனியாவில் இருந்தார். சர்க்கரை வியாதியில் கண் இரண்டும் போய்விட்டன, விசாவும் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் வாரம் லோஜினி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“வீடியோ அப்பாவுக்கு உதவாது, அக்கா. மணவறைக்கு முன்னாலை இருக்கிற மாதிரி அவருக்குக் கேக்கோணும். அது மட்டும் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்.”

கௌசி அதைப்பற்றி நாள் முழுக்க யோசித்தாள். தாலி கட்டும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம்; கட்டியபின் எழுந்து இடப்பக்கம் வந்து இருப்பாள். முன்னால் இருப்பவருக்கு அவள் இடமிருந்து வலம் போவதாகத் தெரியும். அதைத் தகப்பன் கேட்டே அறிய வேண்டும் என்று முடிவெடுத்தாள். தங்கக் காப்புகளோடு, அசைந்தால் குலுங்கிக் கேட்கும் கண்ணாடிக் காப்பும் போடும்படி லோஜினிக்குச் சொல்லி அனுப்பினாள்.

வீடியோ எடுத்தவர் ஸ்ரீதரன். அவருடைய ஸ்ரூடியோவுக்காகத்தான் கௌசி வேலை செய்தாள். இரண்டு மைக் வைத்தால் படத்தில் விழும், ஐயருக்கு முன்னால் ஒன்று போதும் என்றார். ஒன்றென்றால் யார் எங்கே என்று தெரியாது என்று சொல்லி, இரண்டையும் பூச்சாடிகளுக்கு இடையில் தாழ்த்தி வைத்தாள். ரெக்கோடரை மணவறைத் துணிக்குப் பின்னால் செருகினாள்.

பிறகு அவர் லப்டொப்பை எட்டிப் பார்த்தார். சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு அடியிலேயே கிடந்தது.

“மீற்றர் நித்திரை கொள்ளுது, தங்கச்சி. எழுப்பிவிடும்.”

“மேளம் எழுப்பும், அண்ணை.”

அவளுடைய கணக்கு வேறு. துல்லியம் கூடிய பதிவில் மெல்லிய சத்தத்தைப் பிறகு உயர்த்தலாம். கெட்டிமேளத்தில் உடைந்த சத்தத்தை யாராலும் ஒட்ட முடியாது. கமராவோ தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்; மேளத்துக்கு அமுங்கினால் அது நிமிர்வதற்குள் காப்புச் சத்தம் போய்விடும்.

மண்டபத்து அலங்கார விளக்குகளைப் போட்டதும் லப்டொப் சார்ஜர் வழியாக ஓர் உறுமல் ஏறியது. சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பிந்தி வந்தார்கள். மாங்கல்யத்தட்டு சபையைச் சுற்றி வரும்போது பற்றரி தீர்ந்து லப்டொப் அணைந்தது. இனி ரெக்கோடர் ஒன்றுதான். கௌசி அசையவில்லை. கெட்டிமேளம் முழங்கியது, தாலி ஏறியது, லோஜினி எழுந்து இடம் மாறி இருந்தாள்.

எல்லாம் முடிந்து துணியை விலக்கியபோது ரெக்கோடரின் வயர் பாதி வெளியே இழுபட்டுக் கிடந்தது. யாரோ காலால் இடறியிருக்கிறார்கள். அப்படி இழுபட்டால் ஒரு பக்கத்துச் சத்தம் போய்விடும். எப்போது இடறினார்கள் என்பது தெரியாது.

ரெக்கோடரை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் நின்ற என் வானுக்குள் ஏறினாள். ஹெட்போனை மாட்டி முதலில் தானே கேட்டாள். ரெக்கோடரின் திரையில் கோடு ஆடுகிறதே, பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். வெறும் இரைச்சலுக்கும் கோடு ஆடும் என்றாள். ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள்.

“அவள் எழும்பிப் போறது எனக்குக் கேட்டது, அண்ணை. திருப்பி மாட்டினாலும் எனக்கு ஒரு பக்கம்தான் கேக்கும். மற்றப் பக்கம் வந்து சேந்தவளோ எண்டு நீங்கள்தான் சொல்லோணும்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேளம் இரண்டு பக்கமும் உடையாமல் நிறைந்து, பிறகு தணிந்தது. நடுவில் ஐயரின் மந்திரம். இடது காதில் பட்டுச்சேலை சரசரத்தது; கண்ணாடிக் காப்புகள் மெல்லக் குலுங்கின. அந்தக் குலுங்கல் நகர்ந்து, மந்திரத்தைக் கடந்து, என் வலது காதோரம் வந்து அடங்கியது.

“வந்திட்டாள்,” என்றேன்.

கௌசி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் என் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். நான் அவளுடைய கேட்கிற காதுப்பக்கம் குனிந்து இன்னொருமுறை சொன்னேன்.

சாதாரண சீடியாக மாற்றிய பிரதியும் ஒரு ஹெட்போனும் கொழும்புக்குப் போன ஒருவரின் கையில் வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தன. கொஞ்ச நாளில் லோஜினி எங்கள் வீட்டுக்கு வந்து, தகப்பனைத் தொலைபேசியில் பிடித்துக் கௌசியிடம் கொடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தோம்.

“பிள்ளை இந்தப் பக்கத்தாலை எழும்பி அந்தப் பக்கம் போய் இருந்தவள்,” என்றார் அவர். “நான் தலையைத் திருப்பிப் பாத்தனான்.”

லோஜினி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தொடர்ந்தார்.

“சீடித் தட்டிலை ஸ்ரூடியோவின்ரை பேர்தான் கிடக்காம். எடுத்த ஆளின்ரை பேர் இல்லையாம். உம்மடை பேரை எழுதி இன்னொண்டு அனுப்பும், பிள்ளை.”

தன் பேர் எதற்கு ஐயா என்றாள் கௌசி.

“வாசிச்சுச் சொல்ல இஞ்சை ஆக்கள் இருக்கினம்.”

ஸ்ரீதரனிடம் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. தட்டில் எழுதுகிற பேனையைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கௌசி புதிய தட்டைத் துடைத்து, விளிம்போரமாக, தமிழில், ‘ஒலிப்பதிவு: கௌசி’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அதுவரை அவள் எடுத்த எந்தப் பதிவிலும் அவள் பெயர் இருந்ததில்லை.

அன்று 2007 ஒக்டோபர் 14, ஞாயிற்றுக்கிழமை.